இலை ஏன் இன்னும் உதிரவில்லை?

இலையுதிர்காலம் முடியும் தறுவாயில், சுற்றியுள்ள மரங்களெல்லாம் மொட்டையாகிவிட்ட பிறகும், ஒரு மரம் மட்டும் இலைகளோடு நிற்பதுண்டு. அதைப் பார்ப்பவர்கள் சொல்லும் காரணங்கள் பல. இந்த ஆண்டு குளிர்காலம் கடுமையாக இருக்கப்போவதை மரம் முன்கூட்டியே அறிந்துகொண்டது என்பார் ஒருவர். மரம் நல்ல ஊட்டத்தோடு இருக்கிறது என்பார் இன்னொருவர். பட்டுப்போய்விட்டது என்று கைவிரிப்பவரும் உண்டு. புவி வெப்பமாதலைக் காட்டிப் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்பவர்களும் இருக்கிறார்கள். இவற்றுள் சில ஓரளவுக்கு உண்மை, ஒன்று முற்றிலும் தவறு. ஆனால், பெரும்பாலான விளக்கங்களுக்கு அடியில் ஒரே பிழையான எண்ணம் இருக்கிறது: இலை காய்ந்தால் பிடி தளர்ந்து தானாக விழும், காற்று அதைத் தட்டிவிடும் என்பதே அது. இந்த எண்ணத்தைத் திருத்திக்கொண்டால், தாமதம் ஏன் நேர்கிறது என்பது தானே விளங்கிவிடும்.

முறிந்த கிளை காட்டும் சான்று

கோடையில் ஒரு புயலில் கிளை ஒன்று முறிந்து, மரத்திலேயே தொங்கிக்கொண்டிருப்பதாக வைத்துக்கொள்வோம். சில நாட்களில் அதன் இலைகள் வாடிச் சருகாகிவிடும். இலையுதிர்காலம் வந்து, அதே மரத்தின் நல்ல கிளைகளெல்லாம் இலைகளைக் கொட்டித் தீர்த்த பிறகும், முறிந்த கிளையில் மட்டும் அந்தச் சருகுகள் அப்படியே ஒட்டிக்கொண்டிருக்கும். குளிர்காலக் காற்று அவற்றைக் கிழிக்குமே தவிர, எளிதில் பிரித்தெடுக்காது.

காய்வதுதான் உதிர்வதற்குக் காரணம் என்றால், முதலில் காய்ந்த இலைகளே முதலில் உதிர்ந்திருக்க வேண்டும். நடப்பதோ நேர்மாறாக இருக்கிறது. உயிருள்ள கிளை இலையை விட்டுவிடுகிறது. செத்த கிளையால் விட முடிவதில்லை. ஆகவே, இலையுதிர்வு என்பது உயிருள்ள செல்கள் ஆற்றலைச் செலவழித்துச் செய்யும் ஒரு வேலை. மரம் இலையை அறுத்து அனுப்புகிறது என்று சொல்வதே சரி. அந்த வேலை இன்னும் தொடங்காமலோ, தொடங்கிப் பாதியில் நின்றோ இருக்கும்போது இலைகள் மரத்தில் தங்கிவிடுகின்றன.

காம்பின் அடியில் ஒரு கிழிகோடு

தபால்தலைகள் அச்சிட்ட தாளில், ஒவ்வொரு தலையைச் சுற்றியும் சிறுதுளைகள் வரிசையாகக் குத்தப்பட்டிருக்கும். தாள் மற்ற இடங்களில் உறுதியாக இருக்கும். அந்தக் கோட்டில் மட்டும் சுளுவாகக் கிழியும். இலைக்காம்பு கிளையோடு சேரும் இடத்திலும் இப்படி ஒரு கோடு உண்டு. அங்கே சில வரிசைச் செல்கள் மற்றவற்றைவிடச் சிறியனவாக, நெருக்கமாக அமைந்திருக்கும். இந்தப் பகுதிக்கு உதிர்தல் மண்டலம் என்று பெயர். பல மரங்களில் இலை வளரும்போதே இது உருவாகிவிடுகிறது. அதாவது, இலையின் பிறப்போடு அதன் பிரிவுக்கான இடமும் குறிக்கப்பட்டுவிடுகிறது.

தபால்தலைத் தாளோடு உள்ள ஒப்புமை இங்கே முடிகிறது. தாளில் துளைகள் முதலிலிருந்தே இருக்கின்றன. இலையிலோ, தேவை வரும்வரை அந்தக் கோடு உறுதியாகவே இருக்கும். கோடையில் ஒரு பச்சை இலையைப் பிடித்து இழுத்துப் பாருங்கள். காம்பு எளிதில் வராது. வந்தாலும் பட்டையில் ஒரு நாரை உரித்துக்கொண்டு வரும். அதே மரத்தில், நன்கு பழுத்த இலையை விரல் நுனியால் தொட்டாலே போதும், சத்தமில்லாமல் கழன்று கையில் விழும். இடைப்பட்ட வாரங்களில் நடந்தது என்ன?

செல்களை ஒன்றோடொன்று ஒட்டவைப்பது பெக்டின் என்னும் பொருள். சுவரில் செங்கற்களுக்கு இடையிலுள்ள சாந்து போன்றது அது. உரிய நேரம் வந்ததும், உதிர்தல் மண்டலத்துச் செல்கள் நொதிகளைச் சுரக்கின்றன. நொதி என்பது ஒரு வேதிவினையை விரைவுபடுத்தும் புரதம். இந்த நொதிகள் பெக்டினைக் கரைத்து, செல்சுவர்களையும் இளக்கிவிடுகின்றன. சாந்து கரைந்த சுவர்போல, இலை வெறும் நீர்க்குழாய் இழைகளில் மட்டும் தொங்கும். அதன் பிறகு காற்றோ, மழைத்துளியோ, இலையின் சொந்த எடையோ எஞ்சிய வேலையை முடித்துவிடும். காற்றைத்தான் நாம் கண்ணால் பார்க்கிறோம் என்பதால், முழுப் பெருமையும் காற்றுக்குப் போய்விடுகிறது.

இதனோடு இன்னொரு பணியும் நடக்கிறது. கிளையின் பக்கத்தில் தக்கை போன்ற ஒரு காப்படுக்கு உருவாகிக் காயத்தை மூடிவிடுகிறது. தோலில் காயத்தின் மேல் பொருக்குக் கட்டுவது போலத்தான். இலை விழுந்த இடத்தில் தெரியும் தழும்பு அதுவே. ஹார்ஸ் செஸ்ட்நட் மரத்தின் குளிர்காலக் குச்சியை அருகில் வைத்துப் பார்த்தால், இலைத்தழும்பு குதிரை லாடம் போலவே வளைந்திருப்பதும், அதில் ஆணி அறைந்தாற்போலச் சில புள்ளிகள் இருப்பதும் தெரியும். அந்தப் புள்ளிகள், இலைக்கு நீர் கொண்டுபோன குழாய்க்கற்றைகள் அறுபட்ட இடங்கள்.

இதுவரை கண்டதைச் சுருக்கினால்: இலை விழுவதற்கு முன்பே அதன் பிடி உள்ளிருந்து கரைக்கப்படுகிறது, காயமும் மூடப்படுகிறது. இரண்டுமே உயிருள்ள செல்களின் வேலைகள்.

அறுக்கச் சொல்வது யார்?

வேலைக்கு வருபவர் அன்றாடம் வருகைப் பதிவேட்டில் கையெழுத்திடுவதுபோல, வேலை செய்துகொண்டிருக்கும் இலை ஒவ்வொன்றும் தன் காம்பின் வழியாக ஒரு வேதிப்பொருளை இடைவிடாமல் அனுப்பிக்கொண்டிருக்கிறது. அதன் பெயர் ஆக்சின். தாவரங்களின் ஹார்மோன்களில் ஒன்று. ஹார்மோன் என்றால் உடலின் ஓரிடத்தில் உண்டாகி, மிகச்சிறிய அளவிலேயே இன்னோரிடத்தில் விளைவை ஏற்படுத்தும் வேதித்தூது என்று கொள்ளலாம். ஆக்சின் வந்துகொண்டிருக்கும்வரை உதிர்தல் மண்டலம் அசையாது. இலை மூப்படைந்து ஆக்சின் வரத்துக் குறைந்ததும், அந்தச் செல்கள் எத்திலீன் என்னும் மற்றொரு ஹார்மோனுக்குச் செவிசாய்க்கத் தொடங்குகின்றன. கரைக்கும் நொதிகளைச் சுரக்கத் தூண்டுவது எத்திலீன்தான்.

எத்திலீன் ஒரு வாயு. பழங்களைப் பழுக்கவைப்பதும் அதுவே. அது வெளிச்சத்துக்கு வந்த கதை சுவையானது. 19ஆம் நூற்றாண்டில் நகரத் தெருவிளக்குகள் நிலக்கரி வாயுவில் எரிந்தன. நிலத்தடிக் குழாய்களில் வாயு கசிந்த இடங்களில், அருகிலிருந்த மரங்கள் காலமல்லாத காலத்தில் இலைகளைக் கொட்டின. விளக்கு வாயுவில் தாவரங்களைப் பாதிக்கும் கூறு எத்திலீன்தான் என்று 1901இல் பட்டாணி நாற்றுகளை வைத்துக் காட்டியவர் ரஷ்ய அறிவியலாளர் திமித்ரி நெல்யூபோவ். தாவரங்கள் தாமே அந்த வாயுவை உண்டாக்குகின்றன என்பது அதற்கும் பல ஆண்டுகள் கழித்துத்தான் தெரியவந்தது.

பெயரை வைத்து ஏமாறக்கூடாத ஒன்றையும் இங்கே சொல்லிவிடுகிறேன். அப்சிசிக் அமிலம் என்றொரு ஹார்மோன் இருக்கிறது. பெயருக்கு 'உதிர்தல் அமிலம்' என்றே பொருள். 1960களில் பருத்திக் காய்கள் உதிர்வதை ஆராய்ந்தபோது கிடைத்ததால் அந்தப் பெயர் நிலைத்துவிட்டது. ஆனால் அதன் பெரும்பணி வறட்சியில் இலைத்துளைகளை மூடுவதும், விதைகளையும் மொட்டுகளையும் உறக்கத்தில் வைப்பதும்தான். உதிர்வில் அதற்குத் துணைப்பங்கே உண்டு.

அறுப்பதற்கு முன் அள்ளிக்கொள்வது

இலையை ஏன் கழற்ற வேண்டும் என்பதற்கு நீர்தான் முதல் விடை. அகன்ற, மெல்லிய இலை ஓயாமல் நீரை ஆவியாக்கிக்கொண்டிருக்கும். மண் உறைந்துவிட்டால் வேர்களால் அதை ஈடுகட்ட முடியாது. பனிப்பொழிவின் சுமையும் குளிர்காலப் புயலும் அடுத்த காரணங்கள்.

வீட்டைக் காலி செய்பவர் சாமான்களை எடுத்துக்கொள்ளாமல் கதவைச் சாத்தமாட்டார். மரமும் அப்படியே. இலைக்குள் இருக்கும் நைட்ரஜனும் பாஸ்பரசும் மரத்துக்கு அரிய சொத்துகள். இலை தன் பச்சையத்தையும், ஒளிச்சேர்க்கைக்கான புரதங்களையும் பகுதி பகுதியாகப் பிரித்து, அவற்றிலுள்ள நைட்ரஜனைக் கிளைக்கும் பட்டைக்கும் திருப்பி அனுப்புகிறது. பொதுவாக, இலையிலுள்ள நைட்ரஜனில் பாதி அல்லது அதற்கும் மேல் இப்படி மீட்கப்படுகிறது. பச்சையம் மறைந்ததும், கோடை முழுவதும் அதன் பின்னால் ஒளிந்திருந்த மஞ்சள் நிறமிகள் வெளித்தெரிகின்றன; மேப்பிள் போன்ற சில மரங்களில் சிவப்பு நிறமி புதிதாக உண்டாகிறது. இப்படித் திட்டமிட்டு நடக்கும் இந்தக் கலைப்புக்கு மூப்படைதல் என்று பெயர்.

எனவே, வரிசை இதுதான்: முதலில் மூப்படைதல், அதனால் ஆக்சின் குறைதல், பிறகு அறுப்பு. முதற்படி தாமதமானால் இலை பச்சையாகத் தங்கும். கடைசிப்படி தடைப்பட்டால் பழுப்பாகத் தங்கும். தாமதம் என்று ஒரே சொல்லால் பேசப்படுபவை இந்த இருவேறு நிலைமைகள்தாம். பேச்சில் வரும் குழப்பத்தில் பாதி இவற்றைப் பிரிக்காததால் வருவது.

பச்சையாகவே தங்கும் இலைகள்

மூப்படைதலைத் தொடங்கிவைக்கும் அறிகுறிகள் முதன்மையாக இரண்டு. ஒன்று பகல் குறுகுவது. இன்னொன்று குளிர் கூடுவது. பகலிரவின் நீளத்தை அளக்க, இலைகளில் ஃபைட்டோகுரோம் என்னும் ஒளியுணர் நிறமி இருக்கிறது. இரவு நீள்வதை இலை இதைக்கொண்டே அறிகிறது. பகலின் நீளம் ஆண்டுதோறும் அதே தேதியில் அதே அளவில் இருக்கும். வெப்பநிலை அப்படியல்ல. ஆகவே, ஒரே மரம் ஓராண்டு முந்தியும் மறு ஆண்டு பிந்தியும் இலையுதிர்த்தால், வேறுபாட்டுக்குப் பெரும்பாலும் வெப்பநிலையையே முதலில் ஐயுற வேண்டும். இரவுகள் வெதுவெதுப்பாகத் தொடர்ந்தால் பச்சையம் மெதுவாகச் சிதையும். இலை இன்னும் சில வாரங்கள் வேலை செய்யும். புவி வெப்பமாதலைப் பற்றிய பேச்சில் உண்மை இருப்பது இந்த இடத்தில்தான். ஆனால் தனியொரு மரத்தின் தனியொரு தாமதத்தை அதன் கணக்கில் எழுதுவதற்கு முன், கீழ்க்காணும் மற்றக் காரணங்களையும் பார்த்தாக வேண்டும்.

தெருவிளக்கு அவற்றுள் ஒன்று. விளக்குக் கம்பத்தை ஒட்டி நிற்கும் மரத்தில், விளக்கைச் சுற்றியுள்ள கிளைகள் மட்டும் பச்சையாகவும், மறுபக்கம் மொட்டையாகவும் இருப்பதைக் காணலாம். நியூயார்க் நகரத் தெருமரங்களில் இதைக் கவனித்து, எட்வின் மாட்ஸ்கே என்ற தாவரவியலாளர் 1936இலேயே எழுதியிருக்கிறார். இரவெல்லாம் விழும் வெளிச்சத்தால் அந்த இலைகளுக்கு இரவு நீண்டதாகத் தெரிவதில்லை. இதிலிருந்து தெரிவது இன்னொன்றும் உண்டு. மரத்துக்கு ஒரு தலைமைச் செயலகம் கிடையாது. ஒவ்வொரு கிளையும், ஏன் ஒவ்வொரு இலையும், தனக்குக் கிடைத்த சேதியை வைத்துத் தன் கணக்கைத் தானே முடிக்கிறது.

மரத்தின் பூர்விகமும் முக்கியம். பாப்லர் போன்ற பரவலான இனங்களில், வடக்கே வாழும் மரங்கள் பகல் சற்றுக் குறுகியதுமே வளர்ச்சியை நிறுத்திக்கொள்ளும்படி தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுக்கப்பட்டவை. தெற்கே உள்ளவை அவ்வளவு அவசரப்படுவதில்லை. தெற்கிலிருந்து கொண்டுவந்த நாற்றை வடக்கே நட்டால், அது தன் பழைய ஊரின் நாட்காட்டியையே பின்பற்றும். பக்கத்து மரங்கள் கடையைக் கட்டிவிட்ட பிறகும் அது பச்சையாக நின்று, கடும்பனியில் அகப்பட்டுக்கொள்ளும்.

இனமே வேறாக இருந்தாலும் இப்படித்தான். பக்கத்துப் பக்கத்தில் நிற்கும் ஒரு பிர்ச்சையும் ஒரு ஓக்கையும் ஒப்பிட்டு, ஒன்று தாமதிக்கிறது என்று கவலைப்படுவதில் பொருளில்லை. ஆல்டர் மரத்தின் போக்கு விசித்திரமானது. அதன் வேர்முடிச்சுகளில் வாழும் நுண்ணுயிர்கள் காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடித்துத் தருவதால், இலையிலுள்ளதை மீட்க அதற்கு அவ்வளவு அக்கறை இல்லை. இலைகளைப் பச்சையாகவே வைத்திருந்து, பச்சையாகவே உதிர்த்துவிடும். கையில் தாராளமாகப் புழங்கும்போது சிக்கனம் எதற்கு? ஏறத்தாழ இதே காரணத்தால், கோடையின் இறுதியில் நைட்ரஜன் உரத்தை அள்ளிக் கொட்டினால் மற்ற மரங்களும் வளர்ச்சியை நீட்டித்துக்கொண்டு போகும். 'நல்ல ஊட்டத்தோடு இருக்கிறது' என்ற பேச்சில் உள்ள உண்மை இவ்வளவுதான். அந்த ஊட்டம் மரத்துக்கு நன்மை என்று கொள்ளக்கூடாது.

உறைபனியின் இரண்டு முகங்கள்

உறைபனிதான் இலையை விழச்செய்கிறது என்று பலரும் உறுதியாகச் சொல்வார்கள். அவர்கள் கண்ணால் கண்டதையே சொல்கிறார்கள். ஆனால் பாதியைத்தான் கண்டிருக்கிறார்கள்.

இலைகள் மூப்படைந்து, உதிர்தல் மண்டலம் ஏறக்குறைய கரைந்து முடிந்த நிலையில் ஓரிரவு கடுமையாக உறைகிறது என்று வைத்துக்கொள்வோம். கரைந்த அந்த அடுக்கில் பனிக்கட்டி உருவாகி, எஞ்சிய இணைப்புகளையும் அறுத்துவிடும். விடியும்வரை இலையைப் பிடித்திருப்பதும் அந்தப் பனிக்கட்டியே. காலை வெயில் பட்டு அது உருகியதும், காற்றே இல்லாத அமைதியில், சலசலவென்று இலைகள் பொழியத் தொடங்கும். கிங்கோ மரம் இதற்குப் பேர்பெற்றது. சில மணி நேரத்தில் மரம் முழுவதும் மொட்டையாகி, அடியில் மஞ்சள் விரிப்பு விரிந்துவிடும்.

அதே உறைபனி, மூப்படைதல் தொடங்குவதற்கு முன்பே வந்துவிட்டால் விளைவு தலைகீழாகும். பச்சை இலைகள் ஓரிரவில் செத்துக் கருகிவிடும். அவற்றோடு உதிர்தல் மண்டலத்துச் செல்களும் சாகலாம். அறுக்க வேண்டிய ஆளே இல்லாதபோது அறுப்பு எப்படி நடக்கும்? முறிந்த கிளையின் கதைதான் இங்கே மரம் முழுவதற்கும் நடக்கிறது. கருகிய இலைகள் குளிர்காலம் முழுவதும் தொங்கும். மீட்டெடுக்காமல் போன நைட்ரஜன் மரத்துக்கு நட்டம். ஆனாலும் மொட்டுகள் தப்பியிருந்தால் அடுத்த வசந்தத்தில் வழக்கம்போலத் தளிர்விடும்.

ஆக, பனி ஒன்றே. அது வரும்போது காம்பு எந்த நிலையில் இருந்தது என்பதைப் பொறுத்தே இலை விழுவதும் ஒட்டிக்கொள்வதும் அமைகிறது.

ஓக், பீச்: காய்ந்தும் விடாதவை

மேலே சொன்ன விபத்து எதுவும் நேராமலேயே, ஆண்டுதோறும் சருகுகளைக் குளிர்காலம் முழுவதும் தாங்கி நிற்கும் மரங்களும் இருக்கின்றன. ஓக், பீச், ஹார்ன்பீம் ஆகியவை அவற்றுள் நன்கறியப்பட்டவை. இவற்றில் மூப்படைதல் முறையாக நடக்கிறது, நிறம் மாறுகிறது, ஆனால் அறுப்பு மட்டும் பாதியில் நின்றுவிடுகிறது. இந்த இயல்பைத் தாவரவியலார் மார்செசென்ஸ் என்பார்கள். காய்ந்தும் உதிராமை என்று நாம் சொல்லலாம்.

இளமரங்களில் இது மிகுதி. முதிர்ந்த மரமானால், உச்சி மொட்டையாக இருக்க, கீழ்க்கிளைகளிலும் உட்கிளைகளிலும் மட்டும் சருகுகள் நிற்கும். மரத்தின் அடிப்பகுதி, வயதில் மூத்ததாயினும், வளர்ச்சி நிலையில் இளமைத்தன்மையைத் தக்கவைத்துக்கொள்வதே இதற்குக் காரணம். பீச்சை வேலியாக வளர்த்து அடிக்கடி கத்தரித்துவந்தால், அந்த இளமை நீங்காமல், வேலி குளிர்காலத்திலும் செம்பழுப்புச் சுவர்போல நிற்பதும் இதனால்தான்.

இதனால் மரத்துக்கு என்ன பயன் என்பதில் ஆய்வாளர்களிடையே ஒருமித்த முடிவு இல்லை. சத்தற்ற சருகுகள் மொட்டுகளை மறைத்திருப்பதால், மேய வரும் மான்கள் அந்தக் குச்சிகளை விரும்புவதில்லை என்பது ஒரு கருத்து. கீழ்க்கிளைகளில் இது மிகுந்திருப்பது அதற்கு ஒத்துப்போகிறது. வசந்தத்தில் விழும் சருகு, வேர்கள் விழித்தெழும் நேரத்தில் மக்கி உரமாகும் என்பது இன்னொன்று. மொட்டுகளுக்குக் குளிரிலிருந்து காப்பு என்றும் சொல்லப்படுகிறது. எனக்கு மான் கருத்து மற்றவற்றைவிட வலுவாகத் தோன்றுகிறது. ஆனால் தோன்றுவது நிறுவப்பட்டதாகிவிடாது. பழுத்த ஓலையைப் பார்த்துக் குருத்தோலை சிரித்ததாம் என்பார்கள். காய்ந்த இலையே மொட்டைக் காப்பதானால், இங்கே அந்தக் குருத்து சிரிப்பதற்குக் காரணம் இருக்காது போலும்.

ஒரு மரத்தின் முன் நிற்கும்போது

குளிர்காலம் கடுமையாக இருக்கும் என்பதற்குத் தாமதம் அறிகுறி என்ற நம்பிக்கையை இப்போது எடுத்துக்கொள்ளலாம். ஆக்சின், எத்திலீன், ஃபைட்டோகுரோம் என்று இதுவரை கண்ட எதிலும் வருங்காலத்தை அறியும் வழி இல்லை. கடந்துபோன வாரங்களின் வெப்பத்தையும், அன்றைய இரவின் நீளத்தையுமே மரம் அறியும். இலையுதிர்காலம் இதுவரை வெதுவெதுப்பாக இருந்தது என்பதைத்தான் பச்சை இலைகள் சொல்கின்றன. வரப்போவதைப் பற்றி அவை எதுவும் சொல்லவில்லை.

ஆனால் தாமதத்தால் ஆபத்து நேர்வதுண்டு. 2011 அக்டோபர் 29 அன்று அமெரிக்காவின் வடகிழக்கில் பெரும் பனிப்புயல் அடித்தபோது, மரங்கள் பலவற்றில் இலைகள் உதிராமல் இருந்தன. வெற்றுக்கிளையில் தங்காமல் நழுவியிருக்கும் ஈரப்பனி, அகன்ற இலைகளின்மேல் குவிந்தது. கிளைகள் முறிந்து மின்கம்பிகள்மேல் விழுந்ததில், 30 லட்சத்துக்கும் மேற்பட்ட மின் இணைப்புகள் துண்டிக்கப்பட்டன.

தனி மரம் ஒன்றைப் பார்த்து ஐயம் எழுந்தால், இலையின் நிறத்தையும் அது தங்கியிருக்கும் இடத்தையும் சேர்த்துக் கவனிக்க வேண்டும். மரம் முழுக்கப் பச்சை என்றால், மூப்படைதல் தொடங்கவில்லை. காத்திருந்தால் போதும், கோடையின் இறுதியில் உரமிடுவதை மட்டும் நிறுத்திவிடலாம். ஒரு பக்கம் மட்டும் பச்சை என்றால் அருகில் விளக்கு இருக்கிறதா என்று பார்க்கலாம். ஓக்கிலும் பீச்சிலும் பழுப்பு இலை இயல்பானது. வழக்கமாக உதிர்க்கும் மரம் முழுவதும் பழுப்பாக நின்றால், முன்கூட்டி வந்த உறைபனியை நினைவுபடுத்திக்கொள்ள வேண்டும். மற்ற கிளைகளெல்லாம் வெறுமையாக இருக்க, ஒரு கிளை மட்டும் சருகுகளைப் பிடித்திருந்தால், அந்தக் கிளை கோடையிலேயே செத்திருக்க வாய்ப்பு மிகுதி. சிறு குச்சி ஒன்றின் பட்டையை நகத்தால் மெல்லச் சுரண்டிப் பார்க்கலாம். உள்ளே ஈரத்தோடு பச்சை தெரிந்தால் உயிர் இருக்கிறது. உலர்ந்து பழுப்பாக இருந்தால் இன்னும் சற்றுக் கீழே, கிளையின் அடியை நோக்கிச் சுரண்டிக்கொண்டே வந்து, பச்சை எங்கே தொடங்குகிறது என்று பார்க்க வேண்டும். கிளையை வெட்டுவதாக இருந்தால், வெட்ட வேண்டிய இடத்தை அந்தப் பச்சையே காட்டிவிடும்.